சீமந்தமும் பத்துக் கேள்விகளும்

(நாகபுரி கிளை மகளிர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் ஆற்றிய உரை)

பின்வரிசையில் காபிக்காகக் காத்திருக்கும் மாமாக்கள் தயவுசெய்து எழுந்து போக வேண்டாம். விஷயம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

முப்பத்திரண்டு வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவள் நான். கர்ப்பிணி வந்தால் பி.பி., எடை பார்ப்போம். ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் விடமாட்டோம். மனசு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருத்தியையும் கேட்டதில்லை.

என் மாட்டுப்பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். பெற்ற அம்மா போன் பண்ணினால்கூட எடுக்க மாட்டாள். மசக்கை என்றேன். ராத்திரி மூன்று மணிக்கு உட்கார்ந்து அழுவாள். "அழாதே, குழந்தைக்கு ஆகாது" என்றேன். அதற்கப்புறம் என் எதிரில் அழுவதை நிறுத்திவிட்டாள். வளைகாப்பு, சீமந்தம் எல்லாம் அமோகமாக நடந்தன. போட்டோக்களில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். என் பிள்ளைக்கு சந்தேகம் இருந்திருக்கிறது. அம்மா நர்ஸாயிற்றே, அவளுக்குத் தெரியாதா என்று பேசாமல் இருந்துவிட்டான்.

டாக்டரம்மா ஒருநாள் அவளிடம் ஒரு காகிதம் கொடுத்து, என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் பக்கத்தில் இருந்தால் அவள் உண்மையை எழுதியிருக்க மாட்டாள் என்பது பிறகுதான் உறைத்தது.

அது 1987ல் வெளியான எடின்பரோ அளவுகோல். பிரசவமான பெண்களுக்காக வந்தது. இப்போது கர்ப்ப காலத்திலும் உபயோகிக்கிறார்கள். தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் தன்னையே நொந்துகொள்கிறாளா என்கிற மாதிரி. கர்ப்பத்தில் யாருக்குமே தூக்கம் கெடும் அல்லவா? அதனால், துக்கத்தால் தூக்கம் கெடுகிறதா என்று கேட்கிறார்கள். ரொம்ப யோசித்துச் செய்திருக்கிறார்கள்! 13 அல்லது அதற்கு மேல் வந்தால் பொதுவாக டாக்டர் விரிவாகப் பரிசோதிப்பார். இந்த எண்ணை வைத்தே வியாதி என்று முடிவு கட்டிவிட முடியாது. பத்தாவது கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றைக்கே பேசியாக வேண்டும்.

அவளுக்கு 17. பத்தாவதில் 1.

தைராய்டு, ரத்த சோகை பார்த்தார்கள். வாரம் ஒருமுறை கவுன்ஸலிங். பிறகு மனநல டாக்டர் மாத்திரையும் எழுதினார். "வயிற்றில் குழந்தை இருக்கும்போதா?" என்று சண்டைக்கே போனேன். சிகிச்சை செய்யாமல் விட்டாலும் இருவருக்கும் ஆபத்து உண்டு, இரண்டையும் எடைபோட்டுத்தான் கொடுக்கிறோம் என்றார். நாமாக ஆரம்பிக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது.

மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. இலவசம், இருபத்துநாலு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். எந்த ஊரிலிருந்தும் கூப்பிடலாம்.

இதையெல்லாம் அவளிடம் கேட்டுக்கொண்டுதான் பேசுகிறேன். பேரனுக்கு இப்போது ஆறு வயது. தமிழ்ப் பிரதிகள் வாசல் மேஜையில் இருக்கின்றன. மாமாக்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம்; காபி அதற்கு அடுத்த மேஜையில்.