பாட்டியிடம் எதைக் கேட்பது?

(சுவாமிமலையில் இளைஞர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுவாமிமலை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு. அப்பனுக்கு மகன் பாடம் சொன்ன கோயில், அப்புறம் ஐம்பொன் சிலை. சிலை வார்க்க அச்சு எடுக்கும் காவிரி வண்டலைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். அதே வண்டலில் முழங்கால்வரை இறங்கி நடவு நட்டவர்களைப் பற்றி எழுதியது கொஞ்சம்தான். அந்தக் கதையெல்லாம் நம் தெருத் திண்ணைகளில் கிடக்கிறது. சொல்ல ஆள் இருக்கிறது, உட்கார்ந்து கேட்கத்தான் ஆள் இல்லை.

"பழங்கதை கேட்டு என்ன தோழர் ஆகப்போகிறது?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. வெண்மணியை வைத்தே பதில் சொல்கிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதற்காக என்கிறோம். அது பாதிக் கதை. சங்கத்தை விட மாட்டோம், செங்கொடியை இறக்க மாட்டோம் என்று நின்றதுதான் மிச்சப் பாதி. கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குக் கீழ் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிலமும் காரும் உள்ள மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை அந்த நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை.

காகிதத்தில் கதை அங்கே முடிந்தது. ஊரில் முடியவில்லை. பிழைத்தவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் அவர்களைப் பேச வைத்தபோது முப்பத்தைந்து வருடம் தாண்டியிருந்தது. இன்றும் டிசம்பர் 25 அன்று அங்கே கூட்டம் கூடுகிறதென்றால், அந்த வாய்ச்சொல் விடாமல் நடந்ததால்தான்.

ஆனால் ஒன்று. நாம் பாட்டிகளிடம் போனால் அடிபட்டதை மட்டும் கேட்கிறோம். போனை முகத்துக்கு நேரே பிடித்து, அழுதால்தான் நல்ல வீடியோ என்று நினைக்கிறோம். எனக்கு அது பிடிக்கவில்லை. பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அது எப்படி நின்றது? 1940களில் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராய் வந்து சங்கம் கட்டியபோது முதலில் கை தூக்கியது யார்? ராத்திரிக் கூட்டத்துக்குச் சேதி கொண்டுபோனது யார்? பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போனார்கள்? இதைக் கேளுங்கள். கூனிப்போன அத்தை ஒருத்தி நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரி "அப்படி இல்லடி, அன்னிக்கு நானும்தான் வந்தேன்" என்று சண்டைக்கு வருவாள். வரட்டும். பத்து வருடமாகப் பேசாத இரண்டு வீடு அப்படித்தான் பேச ஆரம்பிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊர்த்தெருவிலும் கதை ஓடுகிறது. "அந்தக் காலத்துல பண்ணையாளுங்க எங்க வீட்டுப் பிள்ளைங்க மாதிரி" என்று. எந்த வாசல் வழியாக வந்தார்கள், எதில் சோறு வாங்கினார்கள் என்பது அந்தக் கதையில் வராது. அந்தத் தெருவிலிருந்து வந்து இங்கே உட்கார்ந்திருக்கும் தோழர்கள் சேரிக்கு வந்து ரெக்கார்ட் செய்ய வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் உங்கள் தாத்தாவிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் சொன்னால் எழுதுங்கள். கோபப்பட்டால் அதையும் எழுதுங்கள். அறுவடை முடிந்ததும் இரண்டு நோட்டையும் ஒரே இடத்தில் வைத்து, பெரியவர்களையும் உட்கார வைத்து, சத்தமாகப் படிப்போம்.