முகாந்திரம் எங்கே?



இன்றைய தலைப்பு வீட்டுச் சோதனைக்கான முகாந்திரம் என்று சொன்னதும் நண்பர் ஒருவர் சீறினார். "குழந்தைகளைச் சீரழித்துப் படம் எடுத்து இணையத்தில் பரப்புகிறவனுக்கு வாரண்ட் ஒரு கேடா? கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டியதுதானே!" அவருடைய கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. நான் கேட்பது ஒன்றுதான்: யார் வீட்டுக் கதவை?

2011. அமெரிக்காவின் பஃபலோ நகரம். விடியற்காலையில் துப்பாக்கி ஏந்திய அதிகாரிகள் ஒருவர் வீட்டுக்குள் புகுந்தார்கள். குழந்தைகளின் ஆபாசப் படங்களை இறக்கியவன் என்று வைதார்கள். கம்ப்யூட்டர், ஐபேட், ஐபோன் எல்லாம் போயின. சில நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அவர் தன் வைஃபைக்குப் பாஸ்வேர்டு போடவில்லை. அதைப் பயன்படுத்திப் படம் இறக்கியவன் பக்கத்து வீட்டுக்காரன்! இத்தனைக்கும் ஐபி முகவரி அந்த வீட்டு இணைப்புக்குரியதுதான். அதில் பொய் இல்லை.

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம், 1791-லிருந்து நடப்பில் இருப்பது, என்ன சொல்கிறது? முகாந்திரம் இல்லாமல் வாரண்ட் கிடையாது. அந்த முகாந்திரத்தைச் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். எந்த இடத்தைச் சோதிக்கப் போகிறோம், எதை எடுக்கப் போகிறோம் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும். சரி, எவ்வளவு முகாந்திரம் போதும்? 1983-இல் கேட்ஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது: எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் தடயம் அங்கே இருக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா, அது போதும். உறுதி தேவையில்லை. நான் அதைக் குறை சொல்லவில்லை. உறுதியாகத் தெரிந்துவிட்டால் பிறகு சோதனை எதற்கு? ஆனால் அளவுகோல் இவ்வளவு தாழ்வாக இருக்கும்போது, சத்தியம் செய்து எழுதுகிற வரியாவது உண்மையாக இருக்க வேண்டாமா?

அந்த ஒரு வரிக்காகத்தான் இன்று வந்திருக்கிறேன். 'கேண்டிமேன்' என்று யாஹூவில், குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பகிர்ந்த ஒரு மின்னஞ்சல் குழு. அசிங்கமான குழு, சந்தேகமே இல்லை. 2001-இல் எஃப்பிஐ அதிகாரி ஒருவர் வேறு ஆள்போல அதில் சேர்ந்தார். பிறகு உறுப்பினர்களின் முகவரிகளைத் திரட்டி, நாடு முழுவதும் வாரண்ட் கேட்டார்கள். வாக்குமூலத்தில் இருந்த முக்கியமான வரி இது: இந்தக் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் படங்களோடு எல்லா அஞ்சல்களும் தானாகவே வந்து சேரும். அடேயப்பா! இதற்குமேல் முகாந்திரம் வேண்டுமா? சேர்ந்தான் என்றால் படம் அவன் கம்ப்யூட்டரில் இருக்கிறது. நீதிபதிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

அந்த வரி தவறு. சேருகிறவருக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒவ்வொரு அஞ்சலையும் பெறலாம்; நாளுக்கு ஒருமுறை தொகுப்பாகப் பெறலாம்; அஞ்சலே வேண்டாம் என்றும் சொல்லலாம். வேண்டாம் என்றவர்களே மிகப் பலர். 2003-இல் நியூயார்க் நீதிபதி டென்னி சின், விசாரித்துப் பாராமல் பொறுப்பற்று எழுதிய வாக்குமூலம் என்று சொல்லி, சோதனையில் கிடைத்த தடயங்களைத் தள்ளினார். பிற நீதிபதிகள் சிலர், அந்த வரியை அடித்துவிட்டாலும் குழுவின் பெயரும் நோக்கமுமே முகாந்திரத்துக்குப் போதும் என்றார்கள். 2005-இல் அதே நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இரண்டு அமர்வுகள் எதிரெதிராக நினைத்தன. கேண்டிமேன் உறுப்பினரான கோரியாஸ் என்பவரின் வழக்கைக் கேட்ட அமர்வு, ஒரு பொத்தானை அழுத்திச் சேர்ந்ததைத் தவிர இந்த மனிதர்மேல் எதுவும் இல்லை என்றது. ஆனாலும் மற்ற அமர்வின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுத் தண்டனையை உறுதி செய்தது. எனக்கு டென்னி சின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

இப்போது யார்மேல் சந்தேகம் என்று சொல்லும் வேலையை இயந்திரம் செய்கிறது. ஏற்கெனவே தெரிந்த படங்களுக்கு ஹாஷ் என்று ஓர் எண் அடையாளம் உண்டு, கைரேகை மாதிரி. அதோடு பொருந்தினால் கூகுள் போன்ற நிறுவனங்கள் அமெரிக்கக் குழந்தைகள் மையமான என்சிஎம்இசிக்குத் தகவல் அனுப்புகின்றன. 2023-இல் மட்டும் அந்த மையத்துக்கு எல்லா வகையிலும் வந்த தகவல்கள் 3.6 கோடிக்கும் மேல். வில்சன் என்பவரின் வழக்கில் அவருடைய நான்கு படங்கள் அப்படிப் பொருந்தின. கூகுளில் யாரும் அவற்றைத் திறந்து பார்க்கவில்லை. சான் டியேகோ அதிகாரி வாரண்ட் இல்லாமல் திறந்து பார்த்தார். பார்த்ததை விவரித்து எழுதி, அதன் பிறகு வாரண்ட் வாங்கினார். 2021-இல் ஒன்பதாம் வட்டாரக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், வாரண்ட் இல்லாமல் திறந்து பார்த்தது செல்லாது என்றது. அதே மனிதருக்கு, அதே தடயங்களை வைத்து, கலிஃபோர்னியா மாநில நீதிமன்றம் கொடுத்த தண்டனை நின்றுவிட்டது என்பது வேறு கதை!

இது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்கிறீர்களா? 2019-இல் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் என்சிஎம்இசியோடு ஒப்பந்தம் போட்டது. அங்கிருந்து கிளம்பிய ஒரு தகவல்தான் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் வழக்கானது. சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றி, இப்படிப்பட்ட படங்களை வைத்திருப்பதே எப்போது குற்றமாகும் என்று விரிவாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பை வரவேற்கிறேன்.

ஆனால் நம் நாட்டில் முறைதவறிய சோதனையில் கிடைத்தது என்பதற்காக மட்டும் தடயத்தைத் தள்ள மாட்டார்கள். 1974-இல் பூரண் மல் வழக்கிலேயே அது முடிவாகிவிட்டது. டென்னி சின் செய்ததை இங்கே ஒரு நீதிபதி எளிதில் செய்ய முடியாது. அப்படியானால் நமக்கு மிச்சம் இருப்பது எது? நம் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 185-ஆம் பிரிவு. வாரண்ட் இல்லாமல் சோதனையிடப் போகும் அதிகாரி, ஏன் போகிறேன் என்பதைப் போகும் முன்பே எழுதிவைக்க வேண்டும். அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் மனுப்போட்டுக் கேட்டால் மாஜிஸ்திரேட் அதை இலவசமாகத் தர வேண்டும்.

சட்டக் கல்லூரித் தம்பி தங்கைகளே, நாளை கட்சிக்காரர் ஒருவர் போனைப் பறிகொடுத்துவிட்டு உங்களிடம் வருவார். ஜாமீன் மனுவை எழுதும் அன்றே அந்த நகலுக்கும் ஒரு மனுப் போடுங்கள். வந்ததும் முதல் வேலையாக, எந்த வரியை யார் சரிபார்த்து எழுதினார்கள் என்று பாருங்கள்.