இராப் பயணமும் முகவிளக்கும்

(சங்கத்தின் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

   

மோட்டார் வாகனங்களின் முகவிளக்குகளை இரவுப் பயணத்துக்கு ஏற்றபடி திருத்திக்கொள்வது எவ்வாறு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். "இது கராச்சுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமல்லவா? சங்கத்திலே பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது?" என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். இரவிலே வல்லை வெளியைக் கடந்து வந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். அச்சுவேலியைத் தாண்டி நம்மூரை நோக்கி வரும்பொழுது வீடுகளின் வெளிச்சம் பின்னே போய்விடுகிறது. இருபுறமும் வெட்டவெளி, ஓயாத காற்று. அந்தப் பாதையிலே விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர் வருவார். கட்டாக்காலி மாடு ஒன்று குறுக்கே நிற்கும். எதிரே ஒரு வாகனம் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தோடு வரும். இந்த மூன்றும் ஒரே கணத்தில் கூடுமாயின் என்ன நேரும் என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

முற்காலத்திலே நம் முன்னோர் மாட்டு வண்டிலின் கீழே அரிக்கன் லாம்பைக் கட்டித் தொங்கவிட்டுப் பயணஞ் செய்தார்கள். அந்த விளக்கு வழி காட்டியதிலும் பார்க்க, வண்டில் வருகிறது என்பதைப் பிறருக்குக் காட்டியதே அதிகம். வழியை மாடு அறியும். பின்னர் மோட்டார் வந்தது. ஆரம்பத்தில் அதற்கும் காபைட் வாயுவில் எரியும் விளக்கே பூட்டப்பட்டது. 1912-ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் கடிலாக் கார் மின்சாரத்தால் இயந்திரத்தைக் கிளப்பும் வசதியோடு மின்விளக்கையும் சேர்த்துக்கொண்டு வெளிவந்தது. அக்காலந் தொட்டு முகவிளக்குக்கு மூன்று கடமைகள் ஏற்பட்டன. ஓட்டுபவருக்கு வழியைக் காட்டுதல் ஒன்று. வாகனம் வருவதைப் பிறருக்கு அறிவித்தல் இரண்டு. எதிரே வருபவரின் கண்ணைக் கெடாமற் காத்தல் மூன்று. நம்மவர் விளக்கை மாற்றும்பொழுது முதற் கடமையை மட்டுமே நினைக்கிறார்கள். மற்றைய இரண்டும் மறந்துபோகின்றன. இன்றைய பேச்சின் கருத்து இதுவே.

முதலில் ஒரு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் ஒரு விநாடியிலே ஏறத்தாழ 17 மீற்றர் செல்கிறது. எதிரே ஒன்றைக் கண்டு, அதை இன்னதென்று உணர்ந்து, காலைத் தடையில் வைப்பதற்கு ஒன்றரை விநாடி செல்லும் என்று கொண்டால், அதற்குள் 25 மீற்றர் ஓடிவிடும். தடை பிடித்து வாகனம் நிற்பதற்கு, காய்ந்த நல்ல வீதியிலே இன்னும் 20 மீற்றர் வேண்டும். ஆக 45 மீற்றர். நமது விளக்கு அவ்வளவு தூரத்தில் ஓர் ஆளைத் தெளிவாகக் காட்டாவிட்டால், அந்த வேகம் நமக்கு உரிய வேகமன்று. வெளிச்சம் போதாது என்பதை உணர்ந்தவுடன் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. அதற்குப் பணமும் வேண்டாம், கராச்சும் வேண்டாம். வேகத்தைக் குறைப்பதே அது.

இனி, குமிழை மாற்றினால் எவ்வளவு பயன் கிடைக்கும்? ஒளியானது தூரஞ் செல்லச் செல்லப் பரந்து மெலிகிறது. இருமடங்கு தூரத்திலே அதேயளவு வெளிச்சம் விழ வேண்டுமானால் நான்கு மடங்கு ஒளி வேண்டும். ஒளியை இருமடங்காக்கினாலும் தூரம் ஏறத்தாழ 1.4 மடங்கே கூடும். ஆகவே பெரிய குமிழைப் பூட்டிவிட்டால் இரவு பகலாகிவிடும் என்று எவரும் நம்ப வேண்டாம்.

அதற்கு முன்னர், உள்ள குமிழ் தன் முழு ஒளியையும் தருகிறதா என்று பார்க்க வேண்டும். இழைக் குமிழின் ஒளி, அதற்குக் கிடைக்கும் வோல்ற்றளவு சிறிது குறைந்தாலும் மிகக் குறைந்துவிடும். 13.2 வோல்ற்று கிடைக்க வேண்டிய இடத்தில் 11.9 வோல்ற்று மட்டும் கிடைக்குமாயின், குறைவு பத்து வீதந்தான்; ஆனால் ஒளியிலே ஏறத்தாழ முப்பது வீதம் போய்விடுகிறது. பழைய வயர், கறள் பிடித்த இணைப்பு, தேய்ந்த சுவிச்சு ஆகியவை வழியிலே மின்சாரத்தைத் தின்றுவிடுகின்றன. நம் ஊர் கடற்காற்று வீசும் ஊர், கறளுக்குக் குறைவில்லை. இயந்திரத்தை ஓடவிட்டு, விளக்கையும் எரியவிட்டு, பற்றறியின் முனைகளிலும் விளக்கின் முனைகளிலும் வோல்ற்றளவை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ற்றுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருத்த வேண்டியது வயரையே. பற்றறியிலிருந்து தடித்த வயர் எடுத்து, இடையே உருகியும் றிலேயும் பூட்டி, பழைய சுவிச்சை அந்த றிலேயை இயக்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்ல முறை. பல வண்டிகளிலே பழைய குமிழே புதியது போல ஒளிவிடக் காண்பீர்கள்.

அடுத்தது கண்ணாடி. நமது பகுதியில் ஓடும் யப்பான் வான்கள் பலவற்றின் விளக்கு முகப்பு கண்ணாடியன்று, ஒருவகைப் பிளாத்திக்கு. வெயில் பட்டுப் பட்டு அது மஞ்சளாகி மங்கிவிடும். அதனை மெருகிட்டுத் தெளிவாக்காமல் உள்ளே எந்தக் குமிழை வைத்தாலும் ஒளி சிதறுமேயன்றி முன்னே செல்லாது.

இவ்வளவுஞ் செய்த பின்னும் போதாது என்றால் குமிழை மாற்றலாம். பழைய இழைக் குமிழிலே தங்குதன் என்னும் உலோகம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து கருமையாக்கும். ஹலோஜன் குமிழினுள்ளே இருக்கும் வாயு அந்த உலோகத்தை மீண்டும் இழைக்கே கொண்டு சேர்ப்பதால், கண்ணாடி கறுப்பதில்லை. இழையையும் அதிக வெப்பத்தில் எரிக்க முடிகிறது. 1962-ஆம் ஆண்டிலே ஐரோப்பாவில் இவ்வகைக் குமிழ் முகவிளக்குக்கு வந்தது. ஒரே குமிழில் இரண்டு இழைகளையுடைய எச்-4 என்னும் வகை 1971-இல் வந்தது. அதன் டிம் இழை 55 வாற்றில் ஏறத்தாழ 1000 லூமெனும், உயர்ந்த ஒளிக்குரிய இழை 60 வாற்றில் ஏறத்தாழ 1650 லூமெனும் ஒளி தருகின்றன. இக்குமிழைப் பூட்டும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடலாகாது. கையின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறி, குமிழ் விரைவிற் கெட்டுவிடும்.

யாழ்ப்பாணத்துக்கே உரிய விஷயமொன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய கார்களை நம்மவர் போற்றிப் பாதுகாத்த கதையை உலகமே வியக்கும். 1990-ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்ட பின்னர், பெற்றோல் கிடையாத நாட்களில் அவை மண்ணெண்ணெயிலும் ஓடின. மின்சாரமில்லாத அந்நாட்களிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர் இது. பொருளின் அளவறிந்து வாழும் அந்தப் பழக்கம் விளக்கு விஷயத்திலும் நமக்கு வேண்டும். அந்தப் பழைய கார்களின் டைனமோ தரும் மின்சாரம் ஏறத்தாழ 20 அம்பியர் மாத்திரமே. இரண்டு 55 வாற்றுக் குமிழ்களுக்கு 9 அம்பியர் போதும். ஆனால் 100 வாற்றுக் குமிழ்கள் இரண்டைப் பூட்டினால் ஏறத்தாழ 17 அம்பியர் அவற்றுக்கே போய்விடும். பற்றறிக்கு மிஞ்சுவது யாது? மேலும் 60 வாற்றுக்கு என்று போட்ட வயரிலே 100 வாற்றை ஓடவிட்டால், அவ்வயரிற் பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. வயர் உருகுவதும் வண்டி தீப்பற்றுவதும் இதன் விளைவாகலாம்.

இக்காலத்திலே கடைகளில் எல்.ஈ.டி. குமிழ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. குறைந்த மின்சாரத்தில் நிறைந்த ஒளி தருவது உண்மை. அவ்விளக்குக்கென்றே அமைக்கப்பட்ட புதிய வாகனங்களில் அது சிறப்பாகவே வேலை செய்கிறது. ஆனால் இழைக் குமிழுக்கென்று அமைந்த விளக்கினுள்ளே அதைச் செருகும்போதுதான் தொல்லை பிறக்கிறது. முகவிளக்கின் உள்ளே இருக்கும் வளைந்த ஆடிக்குக் குவியம் என்று ஓர் இடம் உண்டு. இழை மிகச் சரியாக அந்த இடத்துக்கு ஏற்பவே வைக்கப்பட்டிருக்கிறது. சிறிதளவு விலகினாலும் கீழே விழ வேண்டிய ஒளி மேலே எழும்பி எதிரே வருபவரின் கண்ணில் விழும். ஓட்டுபவருக்கோ தன் முன்சில்லுக்கு அருகே வெள்ளை வெளேரென்று தெரிவதால் விளக்கு நன்றாயிருப்பதாகத் தோன்றும். தூரத்திலே உள்ளது முன்னிலும் மங்கலாகியிருக்கும். ஜெர்மனி தேசத்திலே 2020-ஆம் ஆண்டில் இத்தகைய மாற்றுக் குமிழ் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தபோதும், சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட வாகன வகைகளுக்கு மட்டுமே கொடுத்தார்கள். எந்த விளக்குக்கு எந்தக் குமிழ் என்பது அவ்வளவு முக்கியம்.

இன்னுஞ் சில உண்டு. பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் பலவற்றிலே பற்றறியின் நேர்முனை வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். எல்.ஈ.டி. குமிழ் முனை மாறினால் எரியாது, கெட்டும் போகலாம். சிறிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் முகவிளக்குக்கு மின்சாரம் பற்றறியிலிருந்து வராமல் இயந்திரத்திலிருந்தே நேராக வருகிறது. அவற்றில் சாதாரண எல்.ஈ.டி. குமிழ் மினுங்கிக்கொண்டே இருக்கும். நீலச்சாயம் பூசிய ஹலோஜன் குமிழோ அழகுக்கே உதவும். அந்தச் சாயம் ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது. இன்னொன்று: நாம் இடப்புறமாக வாகனம் ஓட்டுபவர்கள். வலப்புறமாக ஓட்டும் தேசங்களுக்கு அமைத்த விளக்கை வாங்கிப் பூட்டினால், அதன் ஒளி வலப்பக்கமாக உயர்ந்து நேரே எதிரே வருபவரின் முகத்தில் அடிக்கும்.

பெரியோர்களே, இந்தக் கண்கூச்சம் உங்களை அதிகம் பாதிப்பது. அறுபது வயதானவரின் கண்ணுக்குள்ளே செல்லும் ஒளி, இருபது வயதானவரின் கண்ணுக்குள் செல்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே என்று கண்ணியல் அறிஞர் கண்டிருக்கின்றனர். கூசிய கண் மீண்டும் தெளிவதற்கும் வயதானவருக்கு நேரம் அதிகஞ் செல்லும். மூன்று விநாடி கண் தெரியாதிருந்தால், நான் முன் சொன்ன வேகத்தில் வண்டி 50 மீற்றர் ஓடிவிடும். வாலிபர்களே, எதிரே வரும் முதியவரின் பார்வையை நாம் பறித்தால், அவர் வண்டி மோதப்போவது நம்மீதாகவும் இருக்கலாம் அல்லவா? டிம் செய்வது அவருக்குச் செய்யும் மரியாதை. நமக்கு நாமே செய்துகொள்ளும் காவலும் அதுவே.

முடிவாக, நம் சங்கம் செய்யக்கூடிய தொண்டு ஒன்றைச் சொல்லுகிறேன். முகவிளக்கின் மட்டத்தைச் சரிபார்ப்பது மிக எளிது. சமதரையிலே, வெள்ளையடித்த மதிலுக்கு நேரே 10 மீற்றர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் மதிலில் ஒரு கோடு கீறுங்கள். அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு கீறுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கீழ்க்கோட்டை ஒட்டி நிற்க வேண்டும். மேலே எழும்பியிருந்தால் விளக்கின் பின்னாலுள்ள திருகாணியைத் திருகி இறக்கலாம். வெங்காய மூடையோ ஆட்களோ பின்னே ஏறினால் வண்டியின் முகம் நிமிரும், வெளிச்சமும் நிமிரும். ஆகவே வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு சரிபார்ப்பது உத்தமம்.

தொண்டைமானாற்றுச் செல்வச் சந்நிதியின் ஆவணித் திருவிழாக் காலத்திலே அடியார்கள் பலர் இரவிலும் கால்நடையாக நம் வீதிகளிற் செல்வார்கள். அதற்கு முன்னே ஒரு மாலைப்பொழுதில், ஒரு மதிலும் ஓர் அளவுநாடாவும் ஒரு வோல்ற்றுமானியும் கொண்டு நம் அங்கத்தவர்கள் கூடினால், ஊரிலுள்ள வான், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றின் விளக்குகளையும் சரிபார்த்துக் கொடுக்கலாம். கராச்சு நடத்தும் அன்பர் ஒருவர் கூட நின்றால் வேலை இன்னும் செம்மையாகும். சைக்கிள்களின் பின்னே சிவப்புத் தெறிப்பான் பூட்டிக் கொடுப்பதற்குச் செலவு சொற்பமே. ஒழுங்கைக்குள்ளே வேலியோரமாக நடந்து வருபவருக்கு விளக்கும் இல்லை, தெறிப்பானும் இல்லை. கையிலே ஒரு ரோர்ச்சு வைத்துக்கொள்ளவும், இருட்டில் வெள்ளை உடுப்பு உடுத்து வரவும் அவரவர் வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

புதுக் குமிழ் வாங்கப் பணம் வைத்திருப்பவர் வாங்கட்டும். ஆனால் அதைப் பூட்டிய அன்றே இரவில் வண்டியை நிறுத்திவிட்டு, இருபது யார் முன்னே நடந்துபோய், திரும்பித் தம் விளக்கைத் தாமே ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் கண்ணால் தாங்க முடியாத வெளிச்சத்தை மற்றவர் கண்ணில் வீச நமக்கு உரிமை இல்லை.