கையெழுத்துப் போட்டால் போதுமா?

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



செயலாளர் எழுந்து நின்றால் எத்தனை பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, எத்தனை பேருக்கு மருத்துவ உதவி, ரமளானில் எத்தனை அரிசிப் பைகள் என்று வாசிப்பது வழக்கம். அந்த அறிக்கை அச்சாகி உங்கள் கையில் இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அந்த உதவிகளை முடிவு செய்கிற எங்களைப் பற்றி, அதாவது நிர்வாகக் குழுவைப் பற்றி.

தி.நகரில் நம் அறக்கட்டளைக்கு இரண்டு கடைகள் உண்டு. அதில் ஒன்றின் வாடகை ஒன்பது ஆண்டுகளாக ஏறவே இல்லை. வாடகைக்கு இருப்பவர் அன்றைய குழு உறுப்பினர் ஒருவருக்கு உறவு. யாரும் பணத்தைத் தொடவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்டால் பெரியவர் மனம் நோகுமே என்று ஆண்டுதோறும் “பழைய நிபந்தனைப்படி தொடரலாம்” என்று எழுதிவிடுவோம். அந்த மினிட்ஸ் புத்தகத்தை மஃரிபுக்குப் பிறகு ஸ்கூட்டரில் வைத்து வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கியது நான்தான். ஒரு வீட்டில் டீ, இன்னொரு வீட்டில் சமோசா. கூட்டம் நடந்ததாகப் பதிவாகிவிடும்.

சென்ற ஆண்டு கணக்குத் தணிக்கைக்கு வந்த பெண்மணி, பக்கத்துக் கடைக்கு என்ன வாடகை என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. விசாரித்தால், நாம் வாங்குவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஆண்டில்தான் நிதி போதவில்லை என்று கல்லூரிக் கட்டண விண்ணப்பங்கள் பதினான்கைத் திருப்பி அனுப்பினோம். அந்தக் கடிதங்களிலும் என் கையெழுத்துதான் இருக்கிறது.

இது நம் ஒரு கடையின் கதை மட்டுமல்ல. 2006-ல் வெளியான சச்சார் குழு அறிக்கை நாடு முழுவதும் உள்ள வக்ஃப் சொத்துகளைக் கணக்கிட்டது. பதிவான சொத்துகள் 4.9 லட்சத்துக்கு மேல். நிலம் 6 லட்சம் ஏக்கர். அவற்றிலிருந்து வந்த ஆண்டு வருமானம் சுமார் 163 கோடி ரூபாய். ஒழுங்காகப் பயன்படுத்தினால் 12,000 கோடி வரை வரலாம் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. ஆக்கிரமிப்பு, அரசின் அலட்சியம் என்று நாம் சொல்கிற காரணங்களும் உண்மைதான். ஆனால் நம் முத்தவல்லிகளும் குழுக்களும் கேட்காமல் விட்ட வாடகையும் அதில் அடக்கம்.

நம் முன்னோர்கள் இதை எப்படிச் செய்தார்கள்? உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் நல்ல நிலம் கிடைத்தது. நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டு அதை வக்ஃபாக்கினார்கள். விற்கக்கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக்கூடாது, வாரிசுக்குப் போகக்கூடாது. விளைச்சல் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும். நிர்வகிப்பவர் நியாயமான அளவு உண்ணலாம், சேர்த்து வைத்துக்கொள்ளக்கூடாது. இவ்வளவும் நம் ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறோம். அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. தமக்குப் பிறகு நிர்வாகம் யாரிடம் என்பதையும் அவர்கள் எழுதி வைத்தார்கள். மகன் அப்துல்லாஹ் (ரலி) இருக்க, பொறுப்பு மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்குப் போனது. அவர்களுக்குப் பிறகு, குடும்பத்தில் தெளிந்த கருத்துடையவர்களுக்கு. மூத்தவருக்கு என்றோ ஆண் வாரிசுக்கு என்றோ எழுதவில்லை.

அபூதர் (ரலி) அவர்களின் செய்தியை மதரஸாவில் ஓதியபோது எனக்கு அதன் கனம் விளங்கவில்லை. பற்றற்ற வாழ்வுக்கு அவர்களைவிட உதாரணம் ஏது? அப்படிப்பட்டவர் பதவி கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் கொடுக்கவில்லை. நீர் இதில் பலவீனமானவர், அனாதையின் சொத்துக்குக்கூடப் பொறுப்பேற்க வேண்டாம் என்று அன்போடு தடுத்தார்கள். நல்ல மனிதர் என்பது வேறு, நிர்வாகத்துக்குத் தகுதி என்பது வேறு. நாமோ “தங்கமான மனுஷர், ஹாஜியார், பெரிய குடும்பம்” என்று சொல்லியே நாற்காலி போட்டுவிடுகிறோம்.

படித்தவர்களைப் போட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஹைதராபாத் சத்யம் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் முன்னாள் கேபினட் செயலாளர் இருந்தார், ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார். 2008 டிசம்பர் 16 அன்று, தலைவரின் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு கம்பெனிகளை வாங்க அந்தக் குழு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் அந்த முடிவு கைவிடப்பட்டது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் சுமார் 7,000 கோடிக்குப் பொய் எழுதியதாகத் தலைவரே கடிதம் கொடுத்தார். இயக்குநர்கள் எல்லாரும் குற்றம் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. பெரிய பெயர்கள் உட்கார்ந்திருந்தும் கணக்கில் இருந்த பொய் வெளியே வரவில்லை என்கிறேன்.

நல்ல உதாரணமும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ராயப்பேட்டை நியூ காலேஜ் வழியாகப் போகாதவர் இங்கே யார்? 1951-ல் அதைத் தொடங்கிய தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1901-ல் உருவானது. தொடங்கியவர்கள் யாரும் இன்று இல்லை. அவர்கள் அதை ஒரு வீட்டின் சொத்தாக வைக்காமல் சங்கமாக அமைத்தார்கள்.

இனி நம் விஷயம். வழக்கறிஞரிடம் காட்டி, நம் பத்திரம் இடம்கொடுக்கும் அளவில் குழு சில விதிகளை ஏற்றிருக்கிறது. கணக்கும் அஜெண்டாவும் கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே உறுப்பினர் வீட்டுக்குப் போகும். மினிட்ஸ் புத்தகம் இனி வீடு வீடாகப் போகாது. வந்தவர் மட்டும் கையெழுத்திடுவார். தனக்கோ உறவினருக்கோ சம்பந்தப்பட்ட விஷயம் வந்தால் அதைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போக வேண்டும். நிர்வாகிகளுக்கும் அவர்கள் உறவினருக்கும் அறக்கட்டளைச் சொத்திலிருந்து ஆதாயம் போனால் வரிவிலக்கே பறிபோகலாம் என்பதை நம்மில் பலர் அறியவில்லை. குழுவில் இரண்டு பெண்களும் கணக்குத் தெரிந்த ஒருவரும் இருப்பார்கள்.

பதவிக்காலத்தில்தான் வாக்குவாதம் வந்தது. மூன்று ஆண்டு, தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை என்று எழுதினோம். “இளைஞர்கள் வரமாட்டார்கள், நாங்களும் போய்விட்டால் யார் பார்ப்பது?” என்றார்கள் இரண்டு பெரியவர்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. வேளச்சேரியிலும் பெருங்குடியிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு இஷா தொழுகைக்கு வரவே நேரமில்லை. ஆனால் காலி நாற்காலி இல்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? கம்பெனிச் சட்டம்கூட சுயேச்சை இயக்குநருக்குத் தொடர்ந்து ஐந்தைந்து ஆண்டாக இரண்டு முறைதான் அனுமதிக்கிறது. விலகும் பெரியவர்கள் ஆலோசகர்களாக இருப்பார்கள், மஷூராவுக்கு அழைப்போம். ஓட்டு மட்டும் இருக்காது.

அந்தக் கடைக்குப் புதிய ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. வாடகைதாரரும் நியாயத்தை ஏற்றுக்கொண்டார். கேட்டதும் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒன்பது வருடமாக நாங்கள்தான் பயந்திருக்கிறோம். திருப்பி அனுப்பிய பதினான்கு விண்ணப்பங்களில் ஒன்பது பிள்ளைகளைத் தேடிப்பிடித்து உதவியைக் கொடுத்துவிட்டோம். இரண்டு பிள்ளைகள் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போய்விட்டார்கள். மூன்று குடும்பங்கள் வீடு மாறிவிட்டன, இன்னும் தேடுகிறோம்.

நான் செயலாளராகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. புதிய விதிப்படி வரும் முஹர்ரமோடு விலகுகிறேன், இன்ஷா அல்லாஹ். கணக்குப் புத்தகம், கடை ஒப்பந்தங்கள், மினிட்ஸ் மூன்றும் வாசல் பக்கத்து மேசையில் இருக்கின்றன. மஃரிப் பாங்கு வரை பொருளாளர் அங்கே இருப்பார். பெண்கள் பகுதியிலும் ஒரு நகல் வைத்திருக்கிறோம். புரட்டிப் பாருங்கள், புரியாததைக் கேளுங்கள்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.