பெயர் சொல்லி அழைத்தவர்

(ஆலயத் திருவிழாவையொட்டி ஆற்றப்பெற்ற உரை)



அடியேன் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவன். 1991-ஆம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாமையால், மறு ஆண்டு நகரத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் அமர்ந்தேன். வகுப்பில் எங்களை வருகைப் பதிவேட்டின் எண்ணைச் சொல்லியே அழைப்பர். குறை கூறவில்லை, நாற்பது பேரை அவர்களும் எவ்வாறு நினைவிற் கொள்வர்?

சிற்றுண்டிச்சாலையில் தட்டுக் கழுவிய அம்மையார் ஒருவர் மட்டும் நாள்தோறும் என்னைப் பெயர் சொல்லி அழைத்து, "தம்பி, இன்னைக்கு என்ன படிச்சே?" என்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவரிடம் ஒரு மலாய்ச் சொல்லையாவது ஒப்புவிக்க வேண்டுமே என்பதற்காகவே பாடத்தைக் கவனித்தேன். என் அருகில் அமர்ந்த இருவர் ஆண்டு முடியுமுன்பே பள்ளியை விட்டு நின்றனர். நானும் நின்றுவிட எண்ணிய திங்கட்கிழமைகள் பல.

2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டது. அதுவரை நம் ஆலய மேடையில் எல்லாப் பாடங்களிலும் 'ஏ' பெற்றோருக்கே பரிசளித்தோம்; கைதட்டியவருள் நானும் ஒருவன். அன்னதானப் பந்தியில் இலை போட்டு, தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளை நாம் மேடைக்கு அழைத்ததில்லை. அவர்களுள் புகுமுக வகுப்பிற்குச் செல்வோரும் உண்டு.

இன்று பகல் பந்தி முடிந்ததும் அப்பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டுக் குறித்து வைத்துள்ளேன். பதினான்கு பேர். நிர்வாகக் குழுவினர் இசைந்தால், இப்பொழுதே வாசிக்கிறேன்.