கமராச் சக்கரத்தின் நான்கு எழுத்துகள்

(இளைஞர் புகைப்படப் பயிற்சி வகுப்பின் தொடக்க நாளன்று சங்க மண்டபத்தில் ஆற்றிய உரை)



புகைப்படக் கமராவைப் பற்றிப் பேசும்படி எம்மைப் பணித்திருக்கிறீர்கள். இச்செய்தி அறிந்த பெரியவர் ஒருவர் வாசலிலேயே எம்மை மறித்து, "இப்போது எல்லார் கையிலும் தொலைபேசி இருக்கிறதே! தொட்டால் படம் விழுகிறது. இதற்கு ஒரு வகுப்பும் வேண்டுமோ?" என்று வினவினார். வினா நியாயமானதே. அதற்கு விடையாக ஒரு பிழையைச் சொல்லித் தொடங்குகின்றோம். பிழை எம்முடையது.

2018ஆம் ஆண்டு விழாவிலே மங்கல விளக்கேற்றியவர், எம்மிற் பலருக்கு எழுத்தறிவித்த முதிய ஆசிரியர். படம் எடுக்கும் பொறுப்பு எம்மிடம் இருந்தது. கமராவும் நல்ல கமராதான், இரவல் வாங்கியது. மேலே இருக்கும் சக்கரத்தைப் பச்சை நிறமான தன்னியக்க அடையாளத்திலே வைத்தோம். மின்னல்போல அடிக்கும் விளக்கு ஆசிரியரின் கண்ணைக் கூசச் செய்யும் என்று அதனை மட்டும் நிறுத்திவிட்டுத் தூணிலே சாய்ந்துகொண்டு தொலைவிலிருந்தே எடுத்தோம். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், குத்துவிளக்குத் துலக்கமாக இருந்தது. ஆசிரியரின் கையும் முகமும் புகைபோலக் கரைந்து கிடந்தன. மறு ஆண்டு அவர் காலமானார். அவருடைய பிள்ளைகள் வந்து அந்தப் படத்தைக் கேட்டபோது, கொடுப்பதற்கு எம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இலக்கமுறைக் கமராவில் ஒரு நன்மை உண்டு. எடுத்த ஒவ்வொரு படத்தோடும், எப்படி எடுத்தது என்பதையும் அதுவே எழுதிவைக்கும். அந்தப் படத்தைத் திறந்து பார்த்தோம். நேரம் 1/6 செக்கன். எஃப் எண் 5.6; ஐஎஸ்ஓ 1600. இந்த மூன்று எண்களுக்கும் பொருள் தெரிந்திருந்தால் அந்தப் படம் தப்பியிருக்கும்.

அவற்றுள் நேரம் என்பது எளிது. ஷட்டர் என்னும் கதவு திறந்திருக்கும் காலம் அது. ஒரு செக்கனில் ஆறிலொரு பங்கு மிகச் சிறியது என்று தோன்றும். ஆனால் விளக்கேற்றும் கை அதற்குள் எத்தனையோ அங்குலம் நகர்ந்துவிடும். பேசுகின்ற, மெல்ல அசைகின்ற மனிதருக்கு 1/60, 1/125 போன்ற வேகம் வேண்டும். ஓட்டப் போட்டிக்கு 1/500 அல்லது அதற்கு மேல்.

எஃப் எண்தான் இளைஞர்களை மயக்குவது. வில்லைக்குள் இருக்கும் துவாரத்தின் அளவைக் குறிப்பது அது. ஆனால் எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுக்கும்! காரணம் இதுதான்: வில்லையின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவதே இந்த எண். 50 மில்லிமீற்றர் வில்லையில் எஃப் 2 என்றால் துவாரம் 25 மில்லிமீற்றர். எஃப் 8 என்றால் 6 மில்லிமீற்றருக்குச் சற்று மேல். 2, 2.8, 4, 5.6, 8 என்று ஒழுங்கற்றதுபோலத் தோன்றும் வரிசையில் ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் சரிபாதியாகக் குறைகிறது. வெளிச்சம் புகுவது பரப்பளவைப் பொறுத்தது. பரப்பளவோ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணித ஆசிரியர்கள் இங்கே இருக்கிறார்கள். மிச்சத்தை அவர்கள் சொல்லித் தருவார்கள். துவாரம் அகன்றால் ஒருவர் மட்டும் தெளிவாகவும் பின்னணி கலங்கியும் விழும். குறுகினால் முன்னும் பின்னும் தெளியும். மூன்று வரிசையாக நிற்கும் சங்கச் செயற்குழுவைப் பெரிய துவாரத்தில் எடுத்துவிட்டு, பின்வரிசைக்காரரின் கோபத்துக்கு ஆளானோர் பலர்.

மூன்றாவது ஐஎஸ்ஓ. இதனை ஒலிபெருக்கியின் திருகுமுனைக்கு ஒப்பிடலாம். மெல்லிய குரலைப் பெருப்பிக்கத் திருகினால் குரலும் பெருகும், இரைச்சலும் பெருகும். அதுபோல ஐஎஸ்ஓவை உயர்த்தினால் இருளிலும் படம் விழும். ஆனால் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தோன்றும்.

இனி அந்த 1/6 செக்கனை எவ்வாறு திருத்தியிருக்கலாம் என்று பாருங்கள். தூணடியில் நின்று வில்லையை நீட்டி எடுத்தபடியால் அது 5.6க்கு மேல் திறக்க மறுத்தது. அருகே சென்று அகல்கோணத்தில் வைத்திருந்தால் 3.5 வரை திறந்திருக்கும். அதனால் வெளிச்சம் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. ஐஎஸ்ஓவை 1600இலிருந்து 6400க்கு உயர்த்தியிருந்தால் இன்னும் நான்கு மடங்கு. இரண்டும் சேர்ந்து பத்து மடங்கு. 1/6 செக்கன் 1/60 செக்கன் ஆகியிருக்கும். புள்ளிகள் நிறைந்த படமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதில் ஆசிரியரின் முகம் இருந்திருக்கும். புள்ளிகளுக்காக எந்தப் பிள்ளையும் தந்தையின் படத்தை வேண்டாம் என்று சொல்வதில்லை.

கமராவின் மீது குற்றமில்லை. அதற்கு வெளிச்சத்தை அளக்கத்தான் தெரியும். எதிரே நிற்பவர் யார், எது அசையும், எது முக்கியம் என்பது எமக்குத்தான் தெரியும். இந்த மூன்று எண்களுள் எதனை நாம் வைத்துக்கொள்வது, எதனை அதனிடம் விடுவது என்ற பாகப்பிரிவினையே சக்கரத்தில் உள்ள எழுத்துகள். 'பி' என்றால் துவாரத்தையும் நேரத்தையும் அது பார்த்துக்கொள்ளும். 'ஏ' என்றால் துவாரம் எம்முடையது, நேரம் அதனுடையது. 'எஸ்' என்றால் நேரம் எம்முடையது, துவாரம் அதனுடையது. 'எம்' என்றால் துவாரம், நேரம் இரண்டும் எம்முடையவை. கனன் கமராக்களில் 'ஏ' என்பது 'ஏவீ' என்றும், 'எஸ்' என்பது 'டீவீ' என்றும் இருக்கும். தொலைக்காட்சி என்று எண்ணிவிடாதீர்கள். ஐஎஸ்ஓவை இவை எதிலும் நாமே வைக்கலாம்; தானாக மாறும்படியும் விடலாம். பச்சை அடையாளத்திலோ எமக்குப் பெரும்பாலும் ஒரு சொல்லும் இல்லை.

இவை இலக்கமுறைக் கமராவோடு பிறந்தவையல்ல என்பதைப் பெரியவர்கள் அறிந்து மகிழலாம். வெளிச்சத்தைத் தானே அளந்து துவாரத்தை அமைக்கும் கமராவைக் கொடக் நிறுவனம் 1938இலேயே வெளியிட்டது. 'ஏ', 'எஸ்' ஆகிய இரண்டு முறைகளும் ஒரே கமராவில் அமைந்தது 1977இல், மினோல்ட்டாவில். அக்காலத்தில் ஒரு சுருள் போட்டால் முப்பத்தாறு படமும் ஒரே ஐஎஸ்ஓதான். இன்று படத்துக்குப் படம் மாற்றலாம். எங்கள் முன்னோடிகளுக்கு இல்லாத பேறு இது. தொலைபேசிக்கும் இதில் ஒரு குறை உண்டு: பெரும்பாலானவற்றில் துவாரம் மாறாது. ஆகவே அது நேரத்தையும் ஐஎஸ்ஓவையும் மாற்றியும், பல படங்களை ஒன்றாகச் சேர்த்தும் சமாளிக்கிறது.

"'எம்'இல் எடுப்பவனே கலைஞன்" என்று சிலர் மார்தட்டுவர். அதனை நாம் ஒப்புவதில்லை. முகில் வந்து வந்து போகும் வெளியிலே 'எம்' வைத்துக்கொண்டு திருகிக்கொண்டிருப்பவன் பாதிப் படங்களைத் தவறவிடுவான். அங்கே 'ஏ' போதும். ஆனால் மேடையிலே 'எம்'தான் சிறந்தது. அதற்குக் காரணம் உண்டு. கமராவின் ஒளிமானி தான் காணும் எதனையும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணும். வெள்ளை வேட்டி சால்வையுடன் ஒருவர் பேசினால், "வெளிச்சம் மிகுதி" என்று படத்தைக் கறுப்பாக்கும். அடுத்தவர் கறுப்புக் கோட்டுடன் வந்தால், "வெளிச்சம் போதாது" என்று முகத்தை வெளிறச் செய்யும். மேடை விளக்கோ இருவருக்கும் ஒன்றுதான்! 'எம்'இல் ஐஎஸ்ஓவையும் தானாக மாறவிடாமல் நிறுத்தி, ஒருமுறை சரியாக அமைத்துவிட்டால், வருவோர் எதை உடுத்தி வந்தாலும் முகம் முகமாகவே விழும். மற்ற எழுத்துகளில் இருக்கும்போது, கூட்டலும் கழித்தலும் பொறித்த பொத்தானால் இதனைத் திருத்தலாம். வெள்ளைக்குக் கூட்டல், கறுப்புக்குக் கழித்தல். தலைகீழாகத் தோன்றினும் அதுவே சரி.

அந்த மேசைமீது ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு கறுப்புக் குடையும் வைத்திருக்கின்றோம். சக்கரத்தை 'ஏ'யில் வைத்து, இரண்டையும் படம் நிறையும்படி தனித்தனியே எடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாக விழும். பின்பு வேட்டிக்குக் கூட்டல் 1, குடைக்குக் கழித்தல் 1 என்று வைத்து மறுபடியும் எடுத்துக் கொண்டுவந்து காட்டுங்கள். இரவே பற்றரிக்கு மின்னேற்ற மறந்தவர்கள் பின்சுவரடிக்குப் போகலாம். அங்கே செருகி இருக்கிறது.