குடிபெயர்ந்தோரும் குலவழி நோயும்



தில்லி ஆர்.கே.புரத்தில் வாழும் தமிழர்களாகிய நாம், ஊரிலிருந்து கொண்டுவந்தவற்றைப் போற்றி வருகிறோம். மலைமந்திரில் சுவாமிநாதனை வழிபடுகிறோம். குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறோம். ஆனால் நாம் அறியாமலே நம்முடன் வருவதும் ஒன்றுண்டு. அது மரபுவழி. அவ்வழியே அரிதாக இறங்கும் நோய்களுள் ஒன்று ஹண்டிங்டன் நோய்.

பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையே இது தலைகாட்டும். கைகால்கள் தம்மையறியாமல் நெளியும், நடை தள்ளாடும், சோர்வும் சினமும் மிகும், சிந்தனை ஆற்றல் படிப்படியாகக் குன்றும். முற்றும் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆயினும் துன்பத்தைத் தணிக்கும் மருந்துகள் உண்டு.

அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஹண்டிங்டன் 1872-ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். அவருடைய தந்தையும் பாட்டனாரும் லாங் தீவில் மருத்துவம் செய்தவர்கள். மூன்று தலைமுறை மருத்துவர்கள் ஒரே வட்டாரத்துக் குடும்பங்களைக் கண்டுவந்தமையால், நோய் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு இறங்குவது தெளிவாயிற்று. குடிபெயர்ந்த நமக்கு இவ்வாய்ப்பு ஏது? பாட்டனாரைப் பார்த்த வைத்தியர் தஞ்சையில் இருந்திருப்பார். பேரனைப் பார்ப்பவர் தில்லியில் இருக்கிறார்.

இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டனில் குடியேறியோரை ஆராய்ந்து 1990-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்நோய் அவர்களிடையே அந்நாட்டவரைவிடக் குறைவு என்று கூறிற்று. இதனால் நாம் அமைதி அடைந்துவிடலாமா? சமூகத்தின் கணக்கு வேறு. குடும்பத்தின் கணக்கு வேறு. நோயுற்றவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணாயினும் பெண்ணாயினும், அது வரும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. லண்டனிலும் தில்லியிலும் இவ்விகிதம் மாறுவதில்லை. அன்றியும், மறைக்கப்பட்ட நோயாளி எக்கணக்கிலும் ஏறுவதில்லை.

மறைப்பதன் காரணம் நாம் அறிந்ததே. 'பெண்ணுக்கு வரன் அமையாதே' என்ற அச்சம் ஒருபுறம். தள்ளாடுபவரைக் குடிகாரர் என்றும், பிதற்றுபவரைப் பேய் பிடித்தவர் என்றும் கூறும் வழக்கம் மறுபுறம். நோயாளி பழியையும் சேர்த்துச் சுமக்கிறார். பிள்ளைகளோ ஒன்றும் அறியாமல் வளர்கிறார்கள்.

இந்நோய்க்குரிய மரபணு 1993-இல் கண்டறியப்பட்டது. இன்று இரத்தப் பரிசோதனையால் ஐயம் தீரும். ஆனால் நோய்க்குறி இல்லாதவர் இதைச் செய்துகொள்வதாயின், வயது வந்தபின், தக்க ஆலோசனை பெற்று, தாமே விரும்பிச் செய்துகொள்ள வேண்டும். பிறர் வற்புறுத்தலாகாது.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. பெரியவர்களிடம் நம் முன்னோர் எவ்வயதில், எந்நோயால் வருந்தினர் என்று பரிவுடன் கேட்டுக் குறித்துவைப்போம். ஐயம் எழுந்தால் அக்குறிப்புடன் நரம்பியல் மருத்துவரை அணுகுவோம். நிலபுலன்களின் பத்திரங்களைப் பேணும் நாம், இந்தக் குடும்பக் குறிப்பையும் நம் பிள்ளைகளுக்காகப் பேணுவோமாக.